பரணிப் பேய்களும் பாட்டியின் கொலுவும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் புலவர்கள் பேசியிருக்கிறார்கள், பேராசிரியர்கள் பேசியிருக்கிறார்கள். எங்கள் கல்வியோ பத்தாம் வகுப்போடு நின்றது. அதன்பின் கற்றதெல்லாம் ரயில்வே அலுவலகக் கோப்புகளில் கற்றதுதான். ஆகவே இலக்கியச் சொற்பொழிவு எதனையும் எங்களிடம் எதிர்பார்க்க வேண்டாம். செயலாளர் அவர்கள் எங்களைக் கண்டபோது, “சென்ற நவராத்திரியில் உங்கள் வீட்டுக் கொலுவில் பேய்களை வைத்தீர்களாமே, அது காலனி முழுவதும் பேச்சாகிவிட்டதே, அதைப் பற்றியே கூறிவிடுங்கள்” என்றார். பேசியவர்களில் சிலர் மெச்சிப் பேசினர். சிலர் வேறு விதமாகவும் பேசினர். இரண்டையும் கேட்டோம். நடந்ததை நடந்தபடி கூறிவிடுவதே நல்லதென்று இங்கு வந்திருக்கிறோம்.

முதலில் எங்கள் தாயாரின் கொலுவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவர் மணமாகி வந்தபோது பண்ணுருட்டிப் பொம்மைகள் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். காகிதக் கூழும் சுண்ணாம்புத் தூளும் புளியங்கொட்டைப் பசையும் சேர்த்துச் செய்தவை அவை. கையிலெடுத்தால் பஞ்சுபோல் இருக்கும். அவற்றுள் ஓரடி உயரமுள்ள காளி ஒன்று உண்டு. மைசூருக்கு வந்தபின் தசரா ஊர்வலத் தொகுதி ஒன்றைச் சேர்த்தார். இவ்வூரில் தசரா வீட்டுக்கு வெளியே மட்டும் நடப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 1610இல் ராஜ உடையார் சீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய விழா, இன்று அரண்மனை வாயிலில் யானைமீது செல்கிறது. அதே விழா கன்னட வீடுகளில் மரத்தாலான அரசன் அரசி பொம்மைகளாகவும், நம் வீடுகளில் படிக்கட்டுக் கொலுவாகவும் அமர்கிறது. எங்கள் தாயாரின் ஊர்வலத்தில் மண் யானைகள் ஒன்பது. ஒவ்வொன்றும் நாலங்குல உயரம்.

2021இல் தாயார் காலமானார். மறு ஆண்டு எங்களுக்கு வேறு குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள். சாமான்களை வாடகை வண்டியில் ஏற்றினோம். பொம்மைப் பெட்டியில் வைக்கோல் போதுமான அளவு திணிக்கவில்லை. அவசரத்தில் அதன்மேல் தையல் இயந்திரத்தையும் வைத்துவிட்டோம். குற்றம் வேறு யாருடையதும் அன்று, எங்களுடையதுதான். திறந்து பார்த்தபோது 31 பொம்மைகள் உடைந்திருந்தன. யானைகள் ஒன்பதில் ஐந்துக்குத் தும்பிக்கையோ காலோ இல்லை. காளி மட்டும் ஒரு விரலும் குறையாமல் இருந்தாள்.

பின்னமான பொம்மையைக் கொலுவில் வைக்கலாகாது என்பது வழக்கம். ஆற்றில் விட்டுவிடலாமென்று நினைத்தோம். சீரங்கப்பட்டணத்தருகே காவிரி மேற்கு நோக்கித் திரும்பும் பச்சிமவாகினியில்தான் தாயாரின் அஸ்தியைக் கரைத்தோம். அங்கேயே அவருடைய பொம்மைகளையும் சேர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாக்குப்பையில் அனைத்தையும் கட்டி வாயிற்படியில் வைத்திருந்தோம். அப்போது பன்னிரண்டு வயதான எங்கள் மகன் அப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். “பாட்டி துணியால் துடைத்த பொம்மை அப்பா” என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. அவன் அதிகம் பேசுகிற பிள்ளையும் அல்லன். பை கட்டிலுக்கடியில் போயிற்று. ஓராண்டுக்கு மேல் அங்கேயே கிடந்தது.

நிற்க. எலும்புக்கூடுகள் எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தை இனிக் கூற வேண்டும்.

எங்கள் மைத்துனர் பெங்களூரில் கணினி வேலையில் இருந்தவர். 2019இல் இங்கிலாந்துக்குப் போகும்போது, தம்மிடமிருந்த சில பெட்டிகளை எங்களிடம் விட்டுச் சென்றார். அவற்றுள் ஒன்றில், சாம்பல்நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் சின்னஞ்சிறு மண்டையோடுகளும் விலாக்கூடுகளும் கைகால் எலும்புகளும் வாள்களும் கேடயங்களும் கோக்கப்பட்டிருந்தன. வெட்டியெடுத்து ஒட்டினால் நாற்பது எலும்புக்கூட்டு வீரர்கள் ஆவார்கள். ஒவ்வொருவனும் 28 மில்லிமீட்டர் உயரம். அதாவது நம் கட்டைவிரலின் பாதிக்குச் சற்றே கூடுதல். மேல்நாடுகளில் வயது வந்த ஆடவரும் பெண்டிரும் இத்தகைய சிற்றுருக்களைத் தாமே ஒட்டி, வண்ணம் தீட்டி, ஆறடிக்கு நாலடி மேசைமேல் படைகளாக நிறுத்தி, அளவுநாடாவும் தாயக்கட்டையும் கொண்டு போர் நடத்துகிறார்கள் என்று மைத்துனர் விளக்கினார். முதலில் நாங்கள் சிரித்தோம்.

ஆனால் இது சிரிக்கத்தக்க செய்தி அன்று. 1824இல் பிரஷ்ய நாட்டு இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர் தம் தந்தையார் தொடங்கிய போர் விளையாட்டைத் திருத்தியமைத்துப் படைத்தலைமைக்குக் காட்டினார். அதனைக் கொண்டே அந்நாட்டுப் படையதிகாரிகள் பயிற்சி பெற்றனர். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், ஈய வீரர்களை வைத்து வீட்டுத் தரையில் விளையாடும் விதிகளைப் புத்தகமாகவே வெளியிட்டார். 1983இல் இங்கிலாந்தில் ‘வார்ஹாமர்’ என்ற விளையாட்டு வந்தது. அதில் மெய்யான நாட்டுப் படைகள் இல்லை. அரக்கர், குள்ளர், பிணங்கள், எலும்புக்கூடுகள் ஆகியோரின் கற்பனைப் படைகளே போரிடும். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அதை ஆடுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். அதில் எகிப்திய மன்னர்களைப் போல் அணிபூண்ட எலும்புப் படைகூட ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பேய்ப்படை ஏதும் நாங்கள் கண்டவரையில் இல்லை.

இவ்விளையாட்டில் எலும்புக்கூடு எத்தகையது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு அச்சம் இல்லை, பேச்சு இல்லை, விருப்பு வெறுப்பும் இல்லை. ஒரு மந்திரவாதி எழுப்பினால் எழும். அவன் வீழ்ந்தால் உதிரும். எங்கள் மகன் முதல் பத்து உருக்களை விதிப்படி ஒட்டி நிறுத்திவிட்டு, “எல்லாம் ஒரே மாதிரி நிற்கிறது அப்பா” என்று பெட்டியை மூடிவிட்டான். சென்ற ஆண்டு வரையில் அதுவும் கட்டிலுக்கடியில்தான் இருந்தது.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், வீட்டைச் சுத்தம் செய்ய இரண்டையும் வெளியே எடுத்தோம். உடைந்த யானைகளைச் செய்தித்தாளின்மேல் பரப்பி வைத்திருந்தோம். பக்கத்தில் பையன் ஒட்டிய எலும்புக்கூடுகள் நின்றன. எங்கள் இல்லத்தரசியார் அதைப் பார்த்து, “போர்க்களம் மாதிரியல்லவா இருக்கிறது” என்றார். அந்தச் சொல்தான் எல்லாவற்றிற்கும் தொடக்கம். யானைகள் விழுந்து கிடக்கும் போர்க்களம், அதில் எலும்புந்தோலுமான பேய்கள் என்றால், தமிழ் படித்த எவருக்கும் கலிங்கத்துப்பரணி நினைவுக்கு வராமற் போகாது. நம் சங்க நூலக அலமாரியில் உரையோடு கூடிய பதிப்பு ஒன்று இருந்தது. அன்று மாலையே எடுத்துவந்தோம்.

அறிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். சிறார்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்க சோழனுக்குக் கலிங்க மன்னன் திறை செலுத்தவில்லை. படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் சென்று கலிங்கத்தை வென்றான். இவ்வெற்றியைச் செயங்கொண்டார் பாடினார். ஆயிரம் யானைகளைப் போரில் வென்ற வீரனைப் பாடுவதே பரணி என்பர். ஆனால் இந்நூலின் பெரும்பகுதி அரசனைப் பற்றியதன்று. காளியையும் அவளைச் சூழ்ந்த பேய்களையும் பற்றியது. அப்பேய்கள் நெடுநாள் பட்டினி கிடந்தவை. போர் வருகிறது என்றதும் ஆடுகின்றன. போர் முடிந்ததும் களத்திலே கூழ் சமைக்கின்றன. சமைப்பதற்கு முன் யானைத் தந்தத்தைப் பல்குச்சியாகக் கொண்டு பல் விளக்குகின்றன. யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன! இறந்த வீரர்களின் பற்களே அரிசி, முரசே உரல், யானைத் தந்தமே உலக்கை. படிக்கும்போது அருவருப்பும் வரும், சிரிப்பும் வரும். சிரிப்பே மிகுதி.

எங்களை வியப்பில் ஆழ்த்திய இடம் வேறு. அப்பேய்களில் உறுப்புக் குறைந்தவை பல உண்டு. நொண்டிப் பேய் உண்டு. கை முடமான பேய் உண்டு. குருடு, ஊமை, செவிடு, குறள், கூன் எல்லாம் உண்டு. குறை வந்த காரணத்தையும் புலவர் கூறுகிறார். சக்கரக்கோட்டத்துப் போரில் கொதிக்கும் கூழ் தெறித்து ஒரு பேயின் கண் போயிற்றாம். இன்னொன்று ஆறுவதற்குள் கூழை விழுங்கி நாக்குச் சுருண்டு ஊமையாயிற்றாம். இவற்றை எவரும் காளியின் அவையிலிருந்து விலக்கவில்லை. மற்றவற்றோடு அவையும் கூழுக்கு வரிசையில் நிற்கின்றன. எங்கள் மகன் இதைக் கேட்டதும் எழுந்து போய்ச் சாக்குப்பையைக் கொண்டுவந்து அவிழ்த்தான். கையொடிந்த செட்டியார், தும்பிக்கை போன யானை, ஒரு பக்கம் நசுங்கிய முரசு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தான். “இதெல்லாம் அப்படியே வேண்டும், ஒட்ட வேண்டாம்” என்றான்.

அன்றிரவே கொலுவின் கீழ்ப்படியில் பரணிக் களம் ஒன்றை அமைப்பதென்று தீர்மானித்தோம். உடையாத காளி மேலே வீற்றிருப்பாள். அவள் காலடியில் யானைகள் விழுந்து கிடக்கும். நடுவில் பேய்கள் கூழ் அடும்.

இனிச் செய்முறைக்கு வருகிறோம். இதை விரிவாகச் சொல்வது, பிள்ளைகளுள்ள வீடுகளில் வேறு யாரேனும் முயலக்கூடும் என்பதற்காக.

முதற்சிக்கல் அளவு. 28 மில்லிமீட்டர் உரு ஓர் ஆளென்றால், அந்தக் கணக்குக்கு யானை 50 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். எங்கள் யானைகளோ 100 மில்லிமீட்டர். குமாஸ்தாவின் கணக்குப் புத்தி அன்றிரவு தூங்கவில்லை. பேய்கள் யானைமுன் எலிபோல் தோன்றும். ஆனால் நூலில் பேய்களின் தோற்றமே வேறு: கரிய நெடிய பனங்காடு ஒன்றுக்குக் கைகால் முளைத்தாற்போன்றவை அவை. ஆகவே பேய்களை வளர்க்க வேண்டியதாயிற்று. முழங்காலுக்குக் கீழே பிளேடால் வெட்டினோம். இரண்டு முனைகளிலும் கைத்துளைக் கருவியால் மெல்லிய துளையிட்டு, காகிதக் கவ்விக் கம்பியை உள்ளே செலுத்தி ஃபெவிக்விக்கால் ஒட்டினோம். (கம்பி அலுவலகத்துக் கவ்வி அன்று, கடையில் காசு கொடுத்து வாங்கியது. இதைக் கூறும்படி எங்கள் மேலதிகாரி கேட்கவில்லை, நாங்களே கூறுகிறோம்.) கம்பியின்மேல் எம்-சீல் என்னும் இருபகுதிப் பசையைப் பிசைந்து அப்பிப் பனைமரக்கால் ஆக்கினோம். பிசைந்த பசை சிறிது நேரத்தில் இறுகத் தொடங்கும். ஆகவே ஒருமுறைக்கு இரண்டு கால்களுக்கு மேல் பிசையலாகாது. விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது. இவ்வாறு ஏழு பேய்கள் 60 மில்லிமீட்டருக்கு வளர்ந்தன. மற்றவற்றைக் குறட்பேய்கள் என்று விட்டுவிட்டோம். நூலில் அதற்கும் இடமுண்டு.

இரண்டாவது சிக்கல் வயிறு. இதில்தான் மேல்நாட்டு எலும்புக்கூட்டுக்கும் நம் பேய்க்குமுள்ள வேறுபாடு எங்களுக்குப் புலப்பட்டது. எலும்புக்கூட்டுக்கு விலாவுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆகவே அதற்குப் பசியும் இல்லை. நம் பேயோ முழுவதும் வயிறு. அதுவும் வெறும் வயிறு. வயிறில்லாத உருவை நிறுத்திவிட்டு இது கூழுக்கு அழுகிறது என்றால் யார் நம்புவார்? காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனிகளின் படங்களை எடுத்துப் பார்த்தோம். சோழர்காலத்துத் தச்சர்கள் வற்றிய மார்பையும் வரிவரியான விலாவையும் உள்வாங்கிய வயிற்றையும் எவ்வளவு கண்ணியமாக அமைத்திருக்கிறார்கள்! கங்கைகொண்ட சோழபுரத்திலும் ஆடவல்லானின் காலடியில் அவர் இருக்கிறார். அந்த வயிற்றையே மாதிரியாகக் கொண்டோம். எம்-சீலை வெற்றிலைபோல் மெலிதாகத் தட்டி, விலாவிலிருந்து இடுப்பெலும்பு வரையில் போர்த்தி, தீக்குச்சி முனையால் உள்ளே அழுத்தினோம். அவ்வளவுதான், பிளாஸ்டிக் எலும்புக்கூடு பசித்த பேயாகிவிட்டது. எங்கள் மகன் இதில் எங்களைவிடக் கைதேர்ந்தவனாகிவிட்டான். வாளேந்திய கைகளைத் தோளிலேயே வெட்டித் திருப்பி ஒட்டி, ஒரு பேய் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதாகவும், ஒரு பேய் கையேந்தி நிற்பதாகவும் ஆக்கினான். ஒரே மாதிரி நின்ற நாற்பதில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமற் போயிற்று.

மூன்றாவது வண்ணம். முதலில் விதிப்படியே எலும்பு வெண்ணிறம் பூசினோம்: பாலேட்டு நிறத்தை அடியில் பூசி, காய்ந்ததும் தண்ணீர்போல் கரைத்த பழுப்பை மேலே ஓடவிட்டால், அது பள்ளங்களில் தேங்கி நிழலாகும். பின்பு தூரிகையில் வெள்ளையை எடுத்துத் துணியில் ஏறத்தாழ முழுவதும் துடைத்துவிட்டு, மேடுகளின்மேல் மட்டும் உராய்ந்தால் எலும்பு ஒளிவிடும். உலர்தூரிகை முறை என்று இதைச் சொல்லலாம். கேமல் அக்ரிலிக் வண்ணமே போதுமானது. பூஜ்ய எண் தூரிகை ஒன்றும் பழந்தூரிகை ஒன்றும் வேண்டும். மிக அழகாகத்தான் வந்தது. ஆனால் பரணிப் பேய் வெள்ளையன்று, கரியது. பூசிய பத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இங்கேதான் பெரும்பிழை செய்தோம். வண்ணத்தை நீக்க, வீட்டிலிருந்த நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் ஏழு பேய்களை ஊறப்போட்டோம். ஒரு நாழிகை கழித்துப் பார்த்தால், வண்ணத்தோடு முகமும் கரைந்திருந்தது! அதிலுள்ள அசிட்டோன் இவ்வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும் என்பதைப் பின்னரே அறிந்தோம். மைத்துனரிடம் தொலைபேசியில் புலம்பியபோது, டெட்டாலில் ஒருநாள் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும் என்றார். தேய்த்து முடியும்வரை தண்ணீர் காட்டலாகாது, காட்டினால் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். கையுறை கட்டாயம் வேண்டும். மீதி மூன்றும் அவ்வாறு தப்பின. முகம் கரைந்த ஏழையும் வைத்துக்கொண்டு நாங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம். மகன் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வாய் ஒட்டிப்போய்விட்டது. இதுதான் சூடாகக் குடித்த பேய்” என்றான். ஏழும் ஊமைப்பேய்கள் ஆயின. நூலில் ஏழு ஊமை உண்டா என்று யாரும் கேட்க வேண்டாம்.

கரியநிறம் பூசுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முழுக்கருப்பாகப் பூசினால் விலாவும் வயிறும் ஒன்றாகி, நாலடித் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் கரித்துண்டுபோல் தோன்றும். அடியில் கருப்பு, அதன்மேல் உலர்தூரிகையால் கரும்பழுப்பு, மேட்டின் உச்சியில் மட்டும் சாம்பல்நிறம், பற்களுக்கும் நகத்துக்கும் பாலேட்டு நிறம். கண்குழியில் செம்புள்ளி. ஒற்றைக்கண் பேய்க்கு ஒரு குழியில் மட்டும் புள்ளி வைத்தோம். மற்றதில் கூழ் தெறித்த வெண்தழும்பு.

யானைகளுக்கு அதிக வேலையில்லை. தாயார் தம் கையாலேயே ஒருமுறை பூசிய அம்பாரி வண்ணம் அவற்றின்மேல் இருந்தது, அதைத் தொடவில்லை. ஒடிந்த இடத்தில் மட்டும் செம்மண்நிறம் தடவிச் சாய்த்து வைத்தோம். உதிர்ந்த தந்தங்கள் பையின் அடியில் கிடைத்தன. இரண்டை உலக்கைகளாகப் பேய்களின் கையில் கொடுத்தோம். நசுங்கிய முரசு உரலாயிற்று. மிகச் சிறிய தந்தமொன்றை ஒரு குறட்பேய் பல்லில் வைத்துக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டு சிரிக்காமற் போன குழந்தை இல்லை.

இனி, வேறு விதமாகப் பேசியவர்களைப் பற்றியும் கூறத்தான் வேண்டும். கொலுவின் முதல் நாள், எதிர் வரிசையில் குடியிருக்கும் பெரியம்மா வந்தார். எங்கள் தாயாரோடு முப்பது ஆண்டுகள் பழகியவர். எங்களை இன்றும் ‘தம்பி’ என்றே அழைப்பவர். மேற்படியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர் கீழ்ப்படியில் நின்றுவிட்டார். “தம்பி, இது என்ன? பின்னமான பொம்மையும் பேயும் பிசாசும் கொலுவில் வைக்கிற பொருளா? உன் அம்மா இருந்தால் இதற்குச் சம்மதிப்பாளா?” என்றார். சுண்டலை வாங்கிக்கொள்ளாமலே திரும்பிப் போனார்.

அந்த வார்த்தை எங்களைத் தைத்தது. தாயார் சம்மதித்திருப்பாரா என்பதற்கு எங்களிடம் விடையில்லை, இன்றும் இல்லை. அன்றிரவு அக்கீழ்ப்படியை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தோம். வீட்டில் இருவரும் ஒருவாறு அதற்கு இசைந்துவிட்டோம். மகன் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் பேசியிருந்தால்கூட எங்களுக்கு எளிதாயிருந்திருக்கும். மறுநாள் பள்ளியிலிருந்து வந்தவன், பரணிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் அமர்ந்தான்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் மகனுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் சரளமாக வரும். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு இருமுறை வந்து நின்றுவிட்டவன் அவன். இக்காலனியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் நிலை இதுதான் என்பது இங்கிருக்கும் பெற்றோருக்குத் தெரியும். பேய்களைச் செய்த அந்த ஒன்றரை மாதமும் நாங்கள் படித்துக் காட்ட அவன் கேட்டான். எந்தப் பேய்க்கு எந்தக் குறை என்று ஒவ்வொரு முறையும் எங்களைக் கேட்பது அலுத்துப்போய், தானே எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தான். எங்களுக்கு அது தெரியாது.

மூன்றாம் நாள் மாலை எங்கள் இல்லத்தரசியார் பெரியம்மாவின் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தார். சாமுண்டி மலையடிவாரத்தில் குடியிருக்கிறோம். சாமுண்டியையே சிற்ப நூல்கள் எலும்பு தெரியும் மேனியும் ஒட்டிய வயிறும் உடையவளாகக் கூறுகின்றன. நவராத்திரியோ அவள் போரிட்ட நாட்கள். போரென்றால் களமும் பேயும் உண்டல்லவா என்றெல்லாம் நாங்கள் வாதங்களைத் தயாரித்து வைத்திருந்தோம். அவற்றைச் சொல்லவே வாய்ப்பு வரவில்லை. பையன் புத்தகத்தைப் பிரித்து, பேய்கள் பல் விளக்கும் இடத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்தான். ‘ழ’கரம் வராத இடத்தில் நின்றான், மீண்டும் படித்தான். ஒரு பாட்டு முடிய ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். படித்துவிட்டுப் பல்லில் தந்தம் வைத்த குறட்பேயைச் சுட்டிக்காட்டினான்.

பெரியம்மா குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தார். சாய்ந்து கிடந்த யானையின்மேல் அம்பாரி வண்ணத்தைக் கண்டு, “இது உன் பாட்டி பூசியது. நான்தான் பக்கத்தில் விளக்குப் பிடித்தேன், அன்றைக்குக் கரண்ட் இல்லை” என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்திருக்கும்போது, “எல்லாம் சரி. இவ்வளவு கூழைக் கிண்டுகிறார்களே, அகப்பை எங்கே?” என்று கேட்டார்.

அகப்பை இல்லை! நாற்பது பேய், ஐந்து யானை, உரல், உலக்கை, அடுப்பு எல்லாம் நினைத்தவர்களுக்கு அகப்பை நினைவுக்கு வரவில்லை. கூழ் கிண்டி அறியாதவர்கள் செய்த களம் என்பது அதிலேயே வெளிப்பட்டுவிட்டது. மகன் அன்றிரவே கம்பியின் முனையில் எம்-சீலை உருட்டி, தேங்காய்ச் சிரட்டைபோல் குழித்து அகப்பை செய்தான். பெரியம்மா மறுநாள் வந்து பார்த்து, பிடி குட்டையாயிருக்கிறது, கை வெந்துபோகும் என்று திருத்தம் சொன்னார். நீளமாக மாற்றினான். சுண்டலும் வாங்கிக்கொண்டார்.

காலனியில் எல்லோரும் அவ்வாறே மனம் மாறினர் என்று நாங்கள் கூறமாட்டோம். இரண்டு வீட்டார் வரவில்லை. அவர்கள் வழக்கத்தைப் போற்றுகிறவர்கள்; அவர்கள்மீது எங்களுக்கு வருத்தமில்லை. இன்னொருவர், நசர்பாத் சாலையில் ராம்சன்ஸ் நிறுவனத்தார் 2005 முதல் நவராத்திரிதோறும் நடத்திவரும் ‘பொம்பெ மனெ’ கண்காட்சியில் இதையும் வைக்கலாமே என்றார். அங்குள்ள பொம்மைகளின் நேர்த்தியைக் கண்டவர்கள் நாங்கள். எங்கள் கைவேலையின் உயரம் எங்களுக்குத் தெரியும்.

நாற்பதில் இருபத்தெட்டு முடிந்திருக்கின்றன. மீதி பன்னிரண்டு இன்னும் வண்ணம் காணாமல் நிற்கின்றன. இமயத்திலிருந்து இந்திரசாலம் கற்றுவந்து, காளியின் முன்னே இல்லாத களத்தை இருப்பதுபோல் காட்டிப் பசித்த பேய்களை ஏமாற்றிய முதுபேய் ஒன்று நூலில் வருகிறது. அதனைச் செய்ய வேண்டும் என்று மகன் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதற்குத் தாடி எதனால் செய்வது என்பது இன்னும் தீரவில்லை. கயிற்றுநார் பருமனாக இருக்கிறது. பஞ்சு வெளுப்பாக இருக்கிறது. யாரேனும் வழி அறிந்திருந்தால் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் கூற வேண்டுகிறோம்.

கலிங்க வீரர்களும் வேண்டியிருக்கிறார்கள். வீட்டில் உடைந்த சிப்பாய்ப் பொம்மைகளோ குதிரைகளோ இருந்தால், ஆற்றுக்கு அனுப்புமுன் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். சனிக்கிழமை மாலைகளில் நாலைந்து பிள்ளைகள் எங்கள் திண்ணையில் கூடுகிறார்கள்; இடம் இன்னும் இருக்கிறது. பிளேடைப் பெரியவர்கள்தாம் கையாளுகிறோம். பெற்றோர் அஞ்ச வேண்டாம். புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நூலகத்தார் தவணையை மும்முறை நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி.